பெரட்டு வந்த வழி

சிரம்பானை ஒட்டிய ராசாவிலோ சுற்றுவட்டாரத் தோட்டங்களிலோ வளர்ந்த பெரியவர்களிடம் ‘பெரட்டு’ என்று சொன்னால் போதும், பொருள் கேட்க மாட்டார்கள். விடியுமுன் ஆள்கள் கூடி நிற்க, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரம் அது. இலங்கை மலையகத்திலும் இதே சொல்தான். அங்கே ஆள்கள் கூடும் இடம் பெரட்டுக்களம். ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழ் நாவில் இப்படி ஆனது.

ஆனால் அது பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. லத்தீனில் ‘பராரே’ என்றொரு வினை உண்டு. ஆயத்தம் செய், ஒழுங்குபடுத்து என்பது பொருள். ‘பரேட்’டுக்கும் வேர் அதுதான். அதன் பிள்ளைகள் பல திசைக்குப் போயின. முன்கூட்டி ஆயத்தம் செய்தால் ‘பிரிப்பேர்’. பழுதானதைத் திரும்பச் சரி செய்தால் ‘ரிப்பேர்’. தனியே பிரித்து வைத்தால் ‘செப்பரேட்’. ஆணையிடுவதைக் குறிக்கும் ‘இம்பெராரே’யும் அந்த வேரில் கிளைத்ததுதான், சக்கரவர்த்தியைக் குறிக்கும் ‘எம்பரர்’, சாம்ராஜ்யத்தைக் குறிக்கும் ‘எம்பயர்’ இரண்டும் அதன் வழி வந்தவை. பெரட்டும் எம்பயரும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

‘பரேட்’ பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு இரண்டு முகம் இருந்தது. ஒன்று, பிறர் பார்க்கக் காட்டிக்கொள்வது. மற்றொன்று, படைவீரர்களை மேற்பார்வைக்காக அணிவகுத்து நிறுத்துவது. அந்த நூற்றாண்டு முடியுமுன் அது வினையாகவும் வழங்கியது. இன்றும் ஆங்கிலத்தில் படையும் ‘பரேட்’ போகும். தன் படிப்பைப் பிறர்முன் பகட்டாகக் காட்டுபவரையும் அதே வினையால் சொல்வார்கள்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது பட்டாள முகம். 1869இல் தொடங்கிய இலை நோயால் இலங்கைக் காப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்க, தோட்டத் துரைமார் சிலர் மலாயாவுக்கு இடம் பெயர்ந்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் வணிக முறையில் ரப்பர் நட்டார். ரப்பர் பரவப் பரவ, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர் கூட்டமும் பெருகியது. தொழிலாளர் குடியேற்றத்துக்கென 1907இல் தனி நிதியே அமைக்கப்பட்டது. கங்காணி ஊரில் ஆள் திரட்டினார். துரையின் நிர்வாகம் அவர்களைக் களத்தில் வரிசையாக நிறுத்தியது.

பெரட்டு நேரம் ஏன் விடியுமுன்? காரணம் மரத்தில் இருக்கிறது. ரப்பர் மரப் பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் இரவுக் குளிர்ச்சியில் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடும், அழுத்தம் தணியும், பால் வரத்து குறையும். ஆகவே வெளிச்சம் வரும்போது கத்தி பட்டையில் இருந்தாக வேண்டும். அதற்கு முன்பே பெரட்டு முடிய வேண்டும். அதற்கும் முன்பே லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் பெண்கள் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு வழி செய்துவிட்டு வாளியோடு வந்து நிற்க வேண்டும்.

தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் வாசிப்பார். யாருக்கு எந்த நிரை (மர வரிசை), யார் இன்று வரவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தீரும். மேற்பார்வையாளரான மண்டோர் பக்கத்தில் நிற்பார். ‘மண்டோர்’ என்பதும் கட்டளையிடும் பொருளுள்ள ஒரு லத்தீன் வினையில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாக மலாய்க்கு வந்த சொல். பிந்தி வந்தவர் அன்றைய கூலியை இழக்கவும் கூடும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை. அன்று பெரட்டில் நின்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், அடுப்பை நினைப்பார்கள்.

இந்தச் சொல்லில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: ஆயத்தம் செய் என்று ஆணையிட்டவர் ஒருவர், உண்மையில் ஆயத்தம் செய்தவர் வேறொருவர். காட்டை அழித்ததும், கன்று நட்டதும், நிரை பிடித்து, பால் சேரும் மங்கு துடைத்துப் பால் எடுத்ததும் வரிசையில் நின்றவர்களின் கைகள். ஆணையிட்டவரின் சொல்லை அவர்கள் தங்கள் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அதற்கு உகரம் சேர்த்தார்கள். பெரட்டுக்குப் போனேன், பெரட்டில் நின்றேன் என்று வேற்றுமை உருபு ஏற்றினார்கள்.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்குப் பயண உதவி பெற்றுத் தொழிலாளர் செல்வதைத் தடுத்தது. பின்னாளில் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் போயின. இன்று ராசா ஜெயா, ராசா கெமாயான் என்று ராசாவைச் சுற்றிலும் வீடமைப்புப் பகுதிகள். அங்கே வளரும் பிள்ளைகளுக்குப் ‘பரேட்’ என்றால் சுதந்திர நாள் அணிவகுப்பு. பெரட்டு அவர்கள் காதில் விழுவதில்லை.

அதனால்தான் அகராதி தொகுப்பவர்களிடம் கேட்கிறேன். கொச்சை என்றோ அந்நியம் என்றோ இதைத் தள்ளிவிடாமல், தோட்டத் தமிழ்ச் சொல் என்று எழுதுங்கள். வேர் லத்தீன், வாழ்ந்த இடம் இலங்கை மலையகமும் மலாயாத் தோட்டங்களும், புழங்கியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள் என்று மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். பெரட்டில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பொருள் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை.