இங்கிலீஷ் டெஸ்ட்டை முதல்ல கேட்டது யாரு?

ஐஇஎல்டிஎஸ் ஃபீஸை வீட்டில் எப்படிக் கேட்கிறதுன்னு யோசிச்சிட்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், காலேஜில் நாலு வருஷமும் எழுதினது இங்கிலீஷ்லதான். அதுக்கப்புறமும் தனியா ஒரு டெஸ்ட் எதுக்கு? யுனிவர்சிட்டி கேட்குது, எழுதுறோம்னு சொல்லிடுவோம். ஆனா வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினா, யுனிவர்சிட்டிக்குப் பின்னாடி இன்னொருத்தர் நிக்கிறது தெரியும். அவர் கையில் விசா ஸ்டாம்ப் இருக்கு.

முதல்ல 1913. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்களுக்காக ஒரு தேர்வு ஆரம்பிச்சது. மொத்தம் 12 மணி நேரம். மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கியம், உச்சரிப்பியல், கடைசியா வாய்மொழித் தேர்வு. எழுதினவங்க மூணே பேர். மூணு பேரும் ஃபெயில்! ஆனா இது வெளிநாடுகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க விரும்பினவங்களை மனசில் வச்சு உருவாக்கின தேர்வு. ஃபெயில் ஆனதுக்காக யாரையும் யாரும் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பலை.

கதை மாறுறது அமெரிக்காவில். 1924-இல் அங்கே ஒரு குடியேற்றச் சட்டம் வந்தது. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம்னு கோட்டா போட்டாங்க. இத்தாலி, போலந்து மாதிரி நாடுகளுக்கு எண்ணிக்கை பயங்கரமா குறைஞ்சது. ஆசியாவுக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருந்தது. இந்தியாவிலிருந்து குடியேறுறதை 1917 சட்டமே தடுத்துடுச்சு. ஆனா ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வச்சிருந்தாங்க: மாணவர்களுக்குக் கோட்டா கிடையாது.

ஜன்னல் இருந்தா சந்தேகமும் வரும் இல்லையா? படிக்கிறேன்னு சொல்லி உள்ளே வந்து வேலைக்குப் போயிட்டா? குடியேற்றத் துறை கல்லூரிகளைப் பார்த்து, நீங்க சேர்த்துக்கிற வெளிநாட்டு மாணவருக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரிஞ்சிருக்கணும்னு அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கன்னு சொன்னது. கல்லூரிகள் அதை எப்படி அளக்கும்? காலேஜ் போர்டுகிட்ட போனாங்க. ஆமா, இன்னிக்கு எஸ்ஏடி நடத்துற அதே காலேஜ் போர்டுதான். 1930-இல் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு ஒண்ணு வந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் ஒண்ணு. 1931-இல் அந்தத் தேர்வை எழுதினவங்க 139 பேர். அதில் 82 பேர் மாஸ்கோவில் உட்கார்ந்து எழுதின இன்ஜினியர்கள்! யாரை வடிகட்ட நினைச்சாங்களோ, அவங்களைவிட சோவியத் இன்ஜினியர்கள்தான் அதிகமா வந்திருக்காங்க. அப்புறம் பொருளாதாரப் பெருமந்தம். எழுத ஆளில்லாம சில வருஷத்தில் தேர்வே நின்னுபோச்சு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு மாணவர்கள் குவிய ஆரம்பிச்சாங்க. 1961-இல் வாஷிங்டனில் ஒரு கூட்டம் போட்டு, என்ன மாதிரி தேர்வு வேணும்னு பேசினாங்க. அங்கே ஜான் கேரல்னு ஒரு உளவியலாளர் முக்கியமான விஷயம் சொன்னார். இலக்கணத்தைத் தனியா, வார்த்தையைத் தனியா துண்டு துண்டா சோதிச்சா மட்டும் போதாது. ஒருத்தர் மொழியை முழுசா எப்படிப் பயன்படுத்துறார்னும் பாருங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. 1964-இல் டோஃபல் வந்தப்போ அது முழுக்க முழுக்க மல்டிபிள் சாய்ஸ். பல நாட்டுத் தாள்களை வேகமா, ஒரே மாதிரி திருத்தணும். அதுக்கு மெஷின்தான் வசதி. மெஷினுக்கு வட்டத்தை நிரப்பினா போதும்.

விளைவு? எல்லாரும் கட்டாயமா வாயைத் திறந்து பேசவேண்டிய டோஃபல் 2005-இல்தான் வந்தது. அதாவது 41 வருஷம்! நடுவில் பேச்சுக்குத் தனித் தேர்வு இருந்தது, ஆனா தேவைப்பட்டவங்க மட்டும் எழுதினாங்க. பேராசிரியர்கிட்ட சந்தேகம் கேட்கத் தெரியுமான்னு பார்க்காமலே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியும்னு மார்க் கொடுத்திருக்காங்க.

பிரிட்டனில் 1989-இல் ஐஇஎல்டிஎஸ் வந்தது. அதில் எதிரே ஆள் உட்கார்ந்து பேசவைப்பாங்க. பெட்டர்தான். ஆனா ரெண்டு வருஷத்தில் ஸ்கோர் காலாவதி. உங்க இங்கிலீஷுக்கும் பால் பாக்கெட் மாதிரி தேதி போட்டிருக்கு. இன்னொண்ணு, பிரிட்டிஷ் விசா விதிகளில் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு பெற்ற நாடுகளின் பட்டியல் ஒண்ணு இருக்கு. ஜமைக்கா இருக்கு, மால்டா இருக்கு, இந்தியா இல்லை. நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்கன்னு அந்தப் பட்டியல் கேட்கிறதில்லை, பாஸ்போர்ட் எதுன்னுதான் கேட்குது.

தேர்வும் விசாவும் ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்னு 2014-இல் பிரிட்டன் காட்டுச்சு. அங்கே விசா நீட்டிக்க டோயிக்னு ஒரு தேர்வை ஏத்துக்கிட்டிருந்தாங்க. டோஃபல் நடத்துற ஈடிஎஸ்தான் இதையும் நடத்துது. பிபிசி பனோரமா ஒரு தேர்வு மையத்தில் ரகசியமா படம் பிடிச்சது. ஒருத்தர் பேருக்கு வேற ஒருத்தர் பேசுறார், பதில்களை வாசிச்சே காட்டுறாங்க. மோசடி நடந்தது உண்மை, அதில் சந்தேகமே இல்லை.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. உள்துறை கேட்டுக்கிட்டதால ஈடிஎஸ் பழைய குரல் பதிவுகளை ஆராய்ஞ்சது. சுமார் 58,000 தேர்வுகளில் 97 சதவீதம் சந்தேகத்துக்குரியதுன்னு முடிவு. நூத்துக்கு மூணு பேர்தான் நேர்மையா எழுதினாங்களாம்! கேட்டாலே தலை சுத்துது இல்லையா? ஆனா அதை வச்சு ஆயிரக்கணக்கானவங்க விசாவை ரத்து பண்ணாங்க. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்து மாணவர்கள் அதில் நிறைய. சரளமா ஆங்கிலம் பேசினவங்களும் மாட்டிக்கிட்டாங்க. பல பேருக்கு அங்கிருந்தே அப்பீல் பண்ணவும் உரிமை இல்லை. நாட்டை விட்டுப் போ, போன பிறகு வழக்குப் போடு. 2,400 பேருக்கு மேல கட்டாயமா வெளியேத்தினாங்க.

2019-இல் அந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் இதை ஆராய்ஞ்சு அறிக்கை கொடுத்தது. தப்பு பண்ணவங்களைப் பிடிக்கக் காட்டின வேகத்தை, தப்பே பண்ணாதவங்களைக் காப்பாத்துறதில் உள்துறை காட்டலைன்னு சொன்னது. அதுக்குள்ள பல ஆயிரம் பேர் கோர்ட்டுக்குப் போயிருந்தாங்க, கணிசமானவங்க ஜெயிச்சும் இருந்தாங்க. ஆனா ஜெயிச்சவங்களுக்கு நடுவில் அஞ்சு வருஷம் போயிடுச்சு. அந்த வருஷங்களில் படிக்க முடியாது, வேலை பார்க்க முடியாது. டிகிரி பாதியிலேயே நின்னுடுச்சு. ஊரில் அப்பா அம்மாகிட்ட, நான் காப்பியடிக்கலைன்னு ஃபோனில் சொல்லிட்டே இருக்கணும்.