பழைய டிரக்கின் முகப்பைப் புதிய சேஸிஸில் ஏற்றுதல்

பழைய டிரக்கின் பானெட், மட்கார்டு, கிரில் ஆகிய முகப்புப் பகுதிகளைக் கேபினோடு கழற்றி, பிற்கால வண்டியின் சேஸிஸில், அதாவது எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் இரும்புச் சட்டகத்தில், அமர்த்தும் முறை இது. அமெரிக்காவில் 1947 முதல் 1955 தொடக்கம் வரை வெளிவந்த செவ்ரோலே ‘அட்வான்ஸ் டிசைன்’ டிரக்கை அந்நிறுவனத்தின் எஸ்-10 சேஸிஸில் ஏற்றுவது இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. பழையதன் ஒற்றை முன் அச்சும் பட்டைவில்லும் நீங்கி, ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே அசையும் சுருள்வில் அமைப்பும் டிஸ்க் பிரேக்கும் கிடைக்கின்றன. இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் பழைய அரை டன் வண்டியில் 116 அங்குலமும் எஸ்-10 நீளப்பெட்டி வகையில் ஏறத்தாழ 118 அங்குலமும் ஆதலால், முன்சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவில் விழுமாறு முகப்பை முதலில் நிறுத்தி (தோற்றம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்), அதன்பின்னரே கேபின், ரேடியேட்டர் தாங்கிகளைப் பற்றவைப்பது நல்லது.