இயங்கக் கூடாத இடம்: ஆரணித் தறியும் கணினி நினைவகமும்

1

ஆரணியில் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெரு. முன்னறையில் தறி, உள்ளறையில் கணினி. ஜக்கார்டு அட்டைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர் ஒருவரின் வீடு அது. கட்டத்தாளில் பென்சிலால் புள்ளி வைத்த கை இப்போது மவுஸைப் பிடித்திருக்கிறது. திரையில் வரைந்த மயிலும் மாங்காயும் அட்டை குத்தும் இயந்திரத்துக்குப் போய் ஓட்டைகளாக வெளியே வருகின்றன. அதே கணினியில்தான் வீட்டின் வங்கிக் கணக்கு, மகளின் கல்லூரி விண்ணப்பம், பல வருஷத்து டிசைன்கள் எல்லாம் இருக்கின்றன.

நான் போனது வேறு வேலையாக. பேச்சுவாக்கில் விண்டோஸின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பொத்தான் அணைந்து கிடந்தது. போட்டுப் பார்த்தால் போட முடியவில்லை. பொருந்தாத டிரைவர் ஒன்று இருக்கிறதாம். அது எதனுடையது என்று தேடினால், டிசைன் மென்பொருளோடு வந்த 'லாக்'கினுடையது. மென்பொருளைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்க, கணினியின் பின்னால் செருகி வைக்கிற விரல் அளவுச் சாமான் அது.

"இதை ஆன் பண்ணா லாக் வேலை செய்யாது சார். லாக் இல்லன்னா டிசைன் திறக்காது. டிசைன் இல்லன்னா அட்டை ஏது, அட்டை இல்லன்னா தறி ஏது?" என்றார்.

ஆக, ஒரு பாதுகாப்பு இன்னொரு பாதுகாப்பின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. நிறுவனத்தின் உரிமையைக் காக்கும் பூட்டு, அந்த வீட்டின் நினைவகத்தைக் காக்கும் பூட்டைப் போடவிடாமல் செய்கிறது. இது ஒரு தனிமனிதரின் தொழில்நுட்பச் சிக்கலாகத் தோன்றலாம். 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதையும், அந்த வரலாறு முன்னறையையும் உள்ளறையையும் சேர்த்தே எழுதப்பட்டது என்பதையும் சொல்லிப் பார்க்கலாம்.

2

1804இல் பிரான்சின் ழக்கார் செய்த பெட்டியின் தர்க்கம் எளிமையானது. அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் தூக்காது. அட்டை கட்டளையிடுகிறது, இழை கீழ்ப்படிகிறது. இரண்டும் வேறு வேறு பொருள், வேறு வேறு இடம். அட்டை மேலே தொங்குகிறது. இழை கீழே ஓடுகிறது. எவ்வளவு தவறான ஊடையை நாடாவில் போட்டு விட்டாலும் அந்த நூல் அட்டையாக மாறித் தறிக்கு உத்தரவு போடப் போவதில்லை. சேலை கெடும், அவ்வளவுதான்.

கணினி இந்த எல்லையை அழித்துத்தான் பிறந்தது. 1945இல் ஜான் வான் நியூமன் எழுதிய எட்வாக் அறிக்கை, கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைக்கச் சொன்னது. 1948 ஜூனில் மான்செஸ்டரில் அப்படியொரு இயந்திரம் ஓடியது. அட்டையும் நூலும் ஒரே கண்டில். இதனால் கிடைத்த சுதந்திரம் சாதாரணமானதல்ல. இன்றைய மென்பொருள் உலகம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் விலையும் அதிலேயே இருந்தது. எது கட்டளை, எது வெறும் தகவல் என்பது பொருளின் இயல்பாக இல்லாமல், அந்த நேரத்தில் அதை எப்படி வாசிக்கிறோம் என்பதாக ஆகிவிட்டது. பிரதியின் அர்த்தம் வாசிப்பில் இருக்கிறது என்று நாம் இலக்கியத்தில் கண்டதை நினைவகம் முன்பே செய்துகாட்டிவிட்டது.

இதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் விமர்சகர்கள் அல்லர். ஒரு நிரல் 100 எழுத்துக்கு இடம் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அளந்து பார்க்காமல் வாங்கினால் 101ஆவது எழுத்து பக்கத்து இடத்தில் வழியும். அந்தப் பக்கத்து இடத்தில் 'வேலை முடிந்ததும் எங்கே திரும்பிப் போவது' என்ற முகவரி இருந்தால்? வழிந்த எழுத்துக்குள் தன் கட்டளையை ஒளித்து, முகவரியையும் அதை நோக்கித் திருப்பிவிட்டால், வந்த விருந்தாளி வீட்டுக்காரராகிவிடுவார். 1988 நவம்பர் 2ஆம் தேதி புறப்பட்ட மாரிஸ் புழு பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. நூல் அட்டையாகிவிட்டது.

3

1985ஆம் வருஷத்தில் இரண்டு பாதுகாப்புகள் பிறந்தன. மார்ச்சில் கைத்தறி (உற்பத்திக்கான பொருட்கள் ஒதுக்கீடு) சட்டம். சில துணி வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம், விசைத்தறி தொடக் கூடாது என்றது. பட்டியலில் முதலில் வருவது சேலை. அக்டோபரில் இன்டெல் 80386 சில்லு. நினைவகத்தை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் யார் தொடலாம், யார் எழுதலாம் என்று குறியிட்டு, ஒரு நிரல் இன்னொன்றின் இடத்தில் கை வைக்காமல் தடுக்க அதால் முடிந்தது.

பிறந்தன, ஆனால் இயங்கவில்லை. சட்டத்தை எதிர்த்து வழக்குகள் போனதால் அது உச்ச நீதிமன்றத்தில் உறுதிப்பட 1993 ஆயிற்று. சில்லின் காவலை முழுதாகப் பயன்படுத்திய விண்டோஸ் என்டி வந்ததும் 1993இல்தான். தற்செயல்தான்; தற்செயலைப் பிழிந்து தத்துவம் எடுக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது. ஒதுக்கீட்டுப் பட்டியல் 22 வகையிலிருந்து 11ஆகச் சுருங்கியது. என்டி அலுவலகங்களுக்குப் போனது. வீடுகளுக்கு வந்தவை 95, 98. அவற்றில் நினைவகத்தின் சில பொதுப் பகுதிகளில் எந்த நிரலும் எழுதலாம். பழைய நிரல்களும் விளையாட்டுகளும் ஓட வேண்டுமே! வீட்டுக்காரருக்கு 2001இல் எக்ஸ்பி வரும்வரை காத்திருப்பு.

4

80386இன் பக்கக் குறிகளில் ஒரு குறை இருந்தது. 'எழுதாதே' என்று சொல்ல முடியும்; 'இங்கே இருப்பதை இயக்காதே' என்று சொல்ல இடமில்லை. 2000இல் லினக்ஸுக்காக எழுதப்பட்ட பாக்ஸ் என்ற திட்டம், சில்லின் துணை இல்லாமலே அதைச் சுற்றுவழியில் சாதித்துக் காட்டியது. 2003 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் ஆப்டெரான் சில்லு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு பிட்டைக் கூடுதலாகத் தந்தது. அந்த பிட் 1 என்றால், பக்கத்தில் உள்ளது வெறும் நூல். அட்டையாக வாசிக்கக் கூடாது. மறு வருஷமே இன்டெலும் பின்பற்றியது. ழக்கார் பெட்டியில் பொருளாகவே இருந்த எல்லை 199 வருஷத்துக்குப் பிறகு ஒரு பிட்டாகத் திரும்பி வந்தது எனலாம்.

2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் இதை 'டெப்' என்ற பெயரில் வீட்டுக்குக் கொண்டுவந்தது. எப்படி? விண்டோஸின் சொந்த நிரல்களுக்கு மட்டும் காவல் போட்டு, மற்றவற்றை விட்டுவிட்டு. அடுத்த வருஷம் சர்வர் பதிப்புக்கு வந்தபோது எல்லா நிரல்களுக்கும் காவல். வேண்டாதவற்றை மட்டும் விலக்கிக்கொள்ளலாம். ஒரே பிட். அலுவலக இயந்திரத்தில் காவல் விதி, வீட்டில் அது விதிவிலக்கு.

தாக்குபவர்கள் சும்மா இருக்கவில்லை. 2007இல் ஹோவவ் ஷாசம், வெளியிலிருந்து புதுக் கட்டளை எதையும் கொண்டுவராமல், ஏற்கெனவே உள்ளவற்றின் துண்டுகளைத் தாவித்தாவிக் கோத்தே எதையும் செய்யலாம் என்று நிறுவினார். புது அட்டை குத்தத் தேவையில்லை. இருக்கிற அட்டைகளை வெட்டி வேறு வரிசையில் கட்டினால் வேறு டிசைன். அதனால் காவலும் அடுக்கடுக்காக வளர்ந்தது. 2018இல் விண்டோஸ் 10இன் திரைக்கு வந்த மெமரி இன்டெக்ரிட்டி அதில் ஓர் அடுக்கு. இயங்குதளத்தின் உள்மையத்துக்குள் எந்தக் கட்டளை நுழையலாம் என்பதை, அந்த மையமே தொட முடியாத தனி அறையிலிருந்து சரிபார்க்கிறது. இதற்குச் சில்லின் மெய்நிகராக்க வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். டிரைவர்கள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பொத்தான் விழாது.

சென்னையிலும் இந்த வரலாற்றின் ஒரு கிளை உண்டு. ஐ.ஐ.டி.யின் சக்தி திட்டத்தில், ஒவ்வொரு சுட்டியோடும் அதன் எல்லையை இணைத்து வைத்து, 101ஆவது எழுத்தை வழியும் இடத்திலேயே பிடிக்கும் வடிவமைப்பை 2017இல் வெளியிட்டார்கள். வழிந்த பிறகு தடுப்பதைவிட இது நேர்மையான வழி. கடையில் வாங்கும் வீட்டுக் கணினிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

5

சுவர் என்றாலே நமக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். பகுத்து வைப்பது அதிகாரத்தின் உத்தி என்று சிறையின் வரலாற்றை எழுதியபோது பூக்கோ காட்டினார். உத்தப்புரத்தில் 1989இல் தலித்துகளுக்கு எதிராக எழுப்பி, 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட சுவருக்கும் 'பாதுகாப்பு' என்றுதான் பெயர் சொன்னார்கள். நினைவகத்தின் சுவரையும் அதையும் ஒன்றாக்குவது அபத்தம். ஒன்று மனிதரைப் பிரிக்கிறது, மற்றது எழுத்தைப் பிரிக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி பொதுவானது. யாரை யாரிடமிருந்து காக்கிறது? விதிவிலக்குப் பட்டியல் யார் கையில்?

டெப்பில் அந்தப் பட்டியலை வீட்டுக்காரரே எழுதலாம். 'எல்லா நிரல்களுக்கும் காவல், நான் சொல்லும் இவை தவிர' என்று தேர்ந்துகொள்ள ஒரு கட்டம் இருக்கிறது. மெமரி இன்டெக்ரிட்டியில் அது கிடையாது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. விண்டோஸ் 11 2021இல் இன்னொரு விதியைச் சேர்த்தது: குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய சில்லும் டி.பி.எம். 2.0 என்ற காவல் சில்லும் வேண்டும். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் ஒரே நாளில் பாதுகாப்பற்றவை என்ற வகைக்குப் போயின. பாதுகாப்பு உரிமையாக இருந்த காலம் போய், புது இயந்திரம் வாங்குபவருக்கான சலுகையாகிறது. 22 எப்படி 11 ஆயிற்று என்று எந்த நெசவாளியிடமும் யாரும் கேட்கவில்லை. இதையும் கேட்கவில்லை.

6

ஆரணி வீட்டில் என்ன செய்தோம்? டெப்பை எல்லா நிரல்களுக்கும் போட்டோம். டிசைன் மென்பொருள் தகராறு செய்யாமல் திறந்தது. விலக்குப் பட்டியலில் அதன் பெயரை எழுத வேண்டியிருக்கவில்லை. மெமரி இன்டெக்ரிட்டி அணைந்தே இருக்கிறது. லாக்குக்குப் புது டிரைவர் கேட்டு விற்றவர்களுக்கு எழுதினார். புதுப் பதிப்பை விலைக்கு வாங்கச் சொல்லிப் பதில் வந்தது. வங்கி வேலையை வேறு கருவிக்கு மாற்றிக்கொண்டு, அந்தக் கணினியின் இணைய வயரைக் கழற்றி வைத்துவிட்டார். சில்லுகளுக்கெல்லாம் முந்தைய பாதுகாப்பு அதுதான்: தூரம்.

"விசைத்தறியில நெஞ்சு கைத்தறின்னு விக்கறான், அதுக்கும் சட்டம் இருக்குது. இதுக்கும் பொத்தான் இருக்குது" என்று சிரித்தார். சிரிப்பில் கசப்பு இருந்தது, விஷயமும் இருந்தது. இருக்கிற பாதுகாப்பு இயங்குவதற்கு இன்னொருவரின் வசதி குறுக்கே நிற்கக் கூடாது. உங்கள் வீட்டுக் கணினியிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பொத்தான் விழுந்தால் நல்லது. விழாவிட்டால், எது தடுக்கிறது என்று பெயர் காட்டும். அந்தப் பெயர் யாருடைய நலனுக்கு உரியது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

முன்னறையில் அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே நூல் நூலாகவே இருந்தது.