பிடுங்காமல் பிழைத்த பல்

கடைவாய்ப் பல் வலித்தால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் முதலில் கிராம்பு, அடுத்து உப்பு வெந்நீர், கடைசியில் கொறடு. அப்பா அப்படித்தான் அறுபது வயதுக்குள் பாதிப் பற்களை இழந்தார். கோகுலாஷ்டமிச் சீடையை இடித்துப் பொடியாக்கித்தான் தின்பார்.

சரபோஜி மன்னர் (1798–1832) கண் நோயாளிகளுக்குச் செய்த வைத்தியக் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. அந்த நாளில் சொத்தைப் பல்லுக்கு மேல்நாட்டிலும் பெரும்பாலும் பிடுங்குவதுதான் வழி. 1838-இல் அமெரிக்கரான எட்வர்ட் மேனார்ட், கடிகாரச் சுருள்வில்லை அராவி, வேருக்குள் நுழையும் மெல்லிய கருவி செய்தார். 1864-இல் எச்சில் படாமல் காக்கும் ரப்பர் திரை வந்தது. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே, பிற்பாடு வேரின் நீளத்தையும் காட்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியதோ 1953-இல்தான்.

போன வருஷம் என் முறை. அழுகிய பற்கூழை எடுத்து, வேர்க்குழாயைக் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற மரப்பிசினால் அடைத்து, மேலே தொப்பி போட்டார் டாக்டர். மூன்று தடவை போய் உட்கார்ந்தேன்.

நண்பர்களே, வலி தானாக நின்றுவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே நரம்பு செத்தால் வலி நிற்கும், சீழ் நிற்காது.

இந்தக் கோகுலாஷ்டமிக்குச் சீடையை முழுசாகவே கடித்தேன். அப்பா ஞாபகம் வந்தது.