ஊவா மலைநாட்டு வைத்திய வரலாறும் மாணவத் தாதியரின் முதற் பயிற்சிக்களமும்

நோய் தீர்வதற்கு வேண்டிய உறுப்புக்கள் நான்கு என்பது நம் முன்னோர் துணிபு. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தைப் பிழையாது இயற்றி அருகிருப்பவன் என இந்நான்கினையும் வள்ளுவர் மருந்ததிகாரத்தின் இறுதிக் குறளிலே தொகுத்துரைத்தார். நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. சரகசங்கிதையும் வைத்தியத்துக்கு நான்கு பாதங்கள் வகுத்து, பணிவிடை புரிவோனிடத்துப் பராமரிப்பு அறிவு, செயற்றிறன், நோயாளிபால் அன்பு, தூய்மை என்னும் நான்கு குணங்களை வேண்டி நிற்கின்றது. வைத்தியரைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் வரலாறு விரிவாகப் பேசும். உழைச்செல்வாரைப் பற்றி அது பேசுவது குறைவு. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு, தாதித் தொழிலைக் கற்க வருவோர் முதன்முதலாக நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது எதனை எதிர்நோக்குகின்றனர் என்பதையும், அந்நிலைமை எவ்வாறு உருவாயிற்று என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாதியரை வைத்தியசாலை விடுதிகளிலேயே வைத்துப் பயிற்றும் முறை இன்றைய வடிவினைப் பெற்றது 1860ஆம் ஆண்டிலாகும். கிரைமியப் போரிலே 1854 முதலாகக் காயமுற்ற வீரரைப் பேணிப் புகழ்பெற்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரால் அவ்வாண்டு இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. முதலிற் சேர்ந்தோர் பதினைவர். பகலில் விடுதியிற் பணி, இடையிடையே விரிவுரை, மேற்பார்வையாளரின் மாதாந்தக் குறிப்பு என அவர்களின் பயிற்சி அமைந்தது. இம்முறை உலகெங்கும் பரவியபோது அதனோடு ஒரு குறையும் உடன்பரவிற்று. மாணவி கற்க வந்தவளா, கூலியின்றி விடுதியின் வேலையைச் செய்து முடிக்க வந்தவளா என்னும் ஐயமே அது. அமெரிக்காவில் 1923இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை, பயிற்சிப் பள்ளிகள் வைத்தியசாலையின் ஆட்குறையை நிரப்பும் கருவிகளாகிக் கல்வி பின்தள்ளப்பட்டமையைக் கண்டித்தது. அவ்வையம் இன்றும் முற்றாக நீங்கிற்றெனல் இயலாது.

நம் நாட்டிலே மேனாட்டு வைத்தியம் தமிழிற் பயிலப்பட்ட வரலாறு யாழ்ப்பாணத்துக்குரியது. 1847இல் வந்திறங்கிய சாமுவேல் கிறீன் வைத்தியர் மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்டு அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கரை வைத்தியராக்கினார். 1860களில் ஆங்கிலத்தை விடுத்துத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலிய துறைகளிலே தமிழ் நூல்களையும் ஆக்குவித்தார். நோயாளியின் மொழியை அறியாதவன் நோயை முற்றும் அறியான் என்பது அவர் பணியினின்று நாம் பெறும் பாடம். 1898இல் இணுவிலில் எழுந்த மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கெனவே அமைந்தது. கடலுக்கப்பால் வேலூரிலே ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் வீட்டு வாயிலைக் கடந்து இத்தொழிலுக்கு வருதற்கு இத்தகைய நிலையங்கள் வழிதிறந்தன.

ஊவாவின் கதை வேறு. அங்கு தமிழர் வைத்தியராகவோ தாதியராகவோ வந்தாரல்லர். நோயாளராகவே வரலாற்றிற் புகுந்தனர். கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவினின்று வந்தோர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியாகக் கால்நடையாய் மலையேறினர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை மாய்த்தன. ஊவாவுக்குச் செல்வோர்க்கு அவ்வழி மேலும் நீண்டது. 1869இல் மடுல்சீமைப் பகுதியின் கல்லூலாத் தோட்டத்திலே முதன்முதற் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பயிர் மாறியும் தொழிலாளியின் வாழ்வு மாறிற்றில்லை. மலைச்சாரலின் லயங்களும், ஈரமும், கொழுக்கிப்புழுவும், இரத்தச்சோகையும் தொடர்ந்தன. நோயுற்றோர்க்குத் துரையின் பங்களாவிலிருந்த மருந்துப்பெட்டியே பல தோட்டங்களில் முதற்புகலாயிற்று.

அரசு இத்துறையில் தலையிட்டது 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தினாலாகும். தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. அவற்றுக்கு வைத்திய அதிகாரிகளும் ஆஸ்பத்திரிகளும் ஏற்பட வழி செய்யப்பட்டது. 1912இல் இயற்றப்பட்ட சட்டம் ஒருபடி மேற்சென்றது. லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல், நோயுற்றோரைப் பற்றி அறிந்திருத்தல், பிள்ளை பெற்ற பெண்ணை ஒரு மாதம் வேலைக்கனுப்பாது உணவளித்துப் பேணல், ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் ஊட்டமும் கிடைக்கச் செய்தல் ஆகியவற்றை அது தோட்டத் துரைமாரின் கடமையாக்கிற்று. 1939இல் மகப்பேற்று நன்மைகள் சட்டமும் வந்தது. ஏட்டளவில் இவை சிறந்த ஏற்பாடுகளே. எனினும் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு, வேலை குறைந்தால் நட்டமடையும் அதே நிருவாகத்தின் கையிலிருந்தமையாற் பயன் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. மேலும், இச்சட்டங்கள் மருந்துக்கும் வைத்தியருக்கும் இடங்கொடுத்த அளவு, பயிற்சிபெற்ற தாதியருக்கு இடங்கொடுக்கவில்லை. தோட்ட டிஸ்பென்சரும் மருத்துவிச்சியுமே நாலாயிரம் அடி மலைகளிலே உழைச்செல்வாராயினர்.

மலையகப் பெண்கள் தாமே தாதியராகாமைக்குக் காரணம் அவர்தம் விருப்பின்மை அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. குடியுரிமையில்லார்க்கு அரசாங்க உத்தியோகம் எட்டாக்கனியாயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புக்களோடு நின்றன. அவற்றை அரசு பொறுப்பேற்றல் 1970களிலேயே பெருமளவில் நிகழ்ந்தது. விஞ்ஞானக் கல்வியை உயர்தரம்வரை கற்றோர்க்கே தாதியர் கல்லூரியின் கதவு திறக்குமாதலின், தடை ஆஸ்பத்திரி வாயிலில் இருந்ததன்று; பள்ளிக்கூட வாயிலிலேயே இருந்தது. நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே இறுதியாகத் தீர்ந்தது என்பதை நோக்குமிடத்து, இழந்த தலைமுறைகளின் அளவு புலனாகும்.

இவ்வரலாற்றை நெஞ்சிற் கொண்டே பதுளை வைத்தியசாலையின் விடுதிக்குள் முதன்முறை நுழையும் மாணவத் தாதியைக் காணல் வேண்டும். பதுளையில் தாதியர் கல்லூரி உண்டு; மூவாண்டுப் பயிற்சியிற் பெரும்பகுதி விடுதிகளிலேயே கழியும். வகுப்பறையிற் பாவைமேற் கற்றவை உயிருள்ள உடலின்மேல் எளிதாக வருவதில்லை. கட்டில் விரித்தல், உடல் துடைத்தல், வெப்பநிலையும் நாடியும் பார்த்தல், உட்கொண்ட நீரையும் கழிந்த நீரையும் அளந்தெழுதல், மலசலத் தட்டு வைத்தெடுத்தல் ஆகியனவே தொடக்க நாட்களின் பணி. இவற்றை இழிபணியென எண்ணி மனஞ்சோர்வார் சிலர். அப்பணிகளின்போதே நோயாளியின் தோலின் நிறம், மூச்சின் வேகம், கால்வீக்கம், முகவாட்டம் ஆகிய யாவும் கண்ணிற்படும். வைத்தியர் ஒரு நோயாளிக்கு அளிப்பது சில நிமிடம். தாதியோ நாள்முழுதும் அருகிருப்பவள். அவதானித்ததை உரிய வேளையில் உரியவரிடம் கூறுதலே மாணவியின் முதற்கலையாகும். அறியாததை அறியேன் எனக் கூறி மூத்த தாதியை அழைத்தல் இரண்டாவது. முதன்மரணத்தைக் காணும் நாளும் விரைவில் வரும். அந்நாளிற் கலங்குதல் இயல்பேயன்றிக் குற்றமன்று.

மலைநாட்டு விடுதிக்கெனச் சில நோயாளர் உளர். கொழுந்து பறிக்கையிற் குளவிக்கூட்டம் கொட்டியோர், கவ்வாத்துக் கத்தியாற் காயமுற்றோர், வழுக்கு மலையில் வீழ்ந்து என்பு முறிந்தோர், இரத்தச்சோகையோடு பிரசவத்துக்கு வந்தோர், நஞ்சருந்தியோர் ஆகியோரை மாணவி காண்பாள். மண்சரிவும் அம்மலைகளின் துயரமே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணிற் புதையுண்டமை நாடறிந்தது. தோட்ட நோயாளி காலந்தாழ்த்தி வருவது ஏன் என மாணவி சினந்து கேட்பதற்கு முன், ஒருநாட் சம்பளம் இழக்கப்படுவதையும், லயத்திலிருந்து பெருந்தெருவுக்குள்ள தூரத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் கடிய சோதனை மொழியே. 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் தமிழர். 1956இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. எனினும் விடுதியிலே நோயை எடுத்துரைக்க முடியாது அடுத்த கட்டிற்காரரின் உதவியை நாடும் தாய்மார் இருக்கவே செய்கின்றனர். தமிழ் மாணவியருக்கும் இச்சோதனை உண்டு. யாழ்ப்பாணத்தினின்று வந்தவள், ‘மேலுக்குச் சுகமில்லை’ என்பது உடல்நலக் குறைவையும், ‘முழுகாம இருக்கேன்’ என்பது கருவுற்றமையையும் குறிப்பதை அறியாவிடிற் பிழைபட எழுதுவாள். கருவுற்ற பெண்ணைக் குளிக்காதவளென எண்ணிக் கடிந்துகொண்டால், அப்பெண் மறுமுறை வாய்திறவாள். சொல்லப்படாத நோய் தீர்க்கப்படுவதுமில்லை. சிங்கள மாணவி கற்கும் நூறு தமிழ்ச் சொற்களும், தமிழ் மாணவி கற்கும் நூறு சிங்களச் சொற்களும் மருந்தலமாரியின் எம்மருந்துக்கும் குறைந்தனவல்ல.

விடுதியோடு பயிற்சி முடிதலுமாகாது. லயத்தையும், பிள்ளைக்காம்பிராவையும், மருத்துவமாது வீடுவீடாகச் செல்லும் வழியையும் நேரிற் கண்ட மாணவிக்கே, ‘நன்றாக உண்ணுங்கள், ஓய்வெடுங்கள்’ என்னும் அறிவுரை எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்து வெறுஞ்சொல்லாகும் என்பது விளங்கும்.

கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஊவாவுக்குச் சட்டமும் மருந்தும் வைத்தியரும் வந்தனர். நான்காம் உறுப்பே நெடுங்காலம் குறையாயிற்று. அக்குறையை நிறைப்போர் கல்லூரிகளிலிருந்தே வருதல் வேண்டும். மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞான வகுப்பொன்று நடைபெறச் செய்யும் ஆசிரியரும், அவ்வகுப்பிலிருந்து தாதியர் கல்லூரி செல்லத் துணியும் மாணவியும், முதல்வாரத்துச் சோர்விலே அவளைக் கைவிடாத மூத்த தாதியும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாவர். அவற்றுள் ஒன்று அறினும், மலையிலிருந்து கம்பளியிற் சுமந்துவரப்படும் நோயாளிக்கு அருகிருப்போர் இலராவர்.