கம்பியை உதறிய விசைப்பலகை

கம்பியற்ற விசைப்பலகை ஒன்றைப் புதிதாக வாங்கி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைப் பிரித்ததும் என்ன செய்வீர்கள்? மின்கலங்களைப் பொருத்திவிட்டு, ஏதாவது ஒரு விசையைத் தட்டிப் பார்ப்பீர்கள். கம்பியே இல்லாமல் எழுத்து திரையில் தோன்றியதும் ஒரு மகிழ்ச்சி உண்டாகும். அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் ஐந்து நிமிடந்தான். ஒரு பக்கம் தட்டி முடிப்பதற்குள் கம்பி இல்லை என்பதையே மறந்துவிடுவீர்கள். விசை விரலுக்கு எப்படி இருக்கிறது, தட்டிய எழுத்தெல்லாம் விடாமல் விழுகிறதா என்பவைதாம் அதன்பின் உங்கள் கவலையாக இருக்கும்.

இந்தச் சிறிய உண்மையைக் கற்பதற்குக் கணிப்பொறி உலகின் மாபெரும் நிறுவனமாகிய ஐ.பி.எம். ஒரு பெரிய விலை கொடுத்தது. 1983-ஆம் ஆண்டில் அது வெளியிட்ட ‘பி.சி. ஜூனியர்’ என்ற வீட்டுக் கணிப்பொறியின் கதைதான் அது. கம்பியற்ற விசைப்பலகையோடு பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முன்னோடிக் கணிப்பொறிகளுள் அதுவும் ஒன்று.

விசைப்பலகை செய்வதில் ஐ.பி.எம். கற்றுக்குட்டியன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1961-இல் அது வெளியிட்ட ‘செலக்ட்ரிக்’ என்னும் மின் தட்டச்சுப் பொறி அமெரிக்க அலுவலகங்களில் நெடுங்காலம் கோலோச்சியது. 1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் வெளிவந்த அதன் ‘பெர்சனல் கம்ப்யூட்டர்’ என்ற தனியாள் கணிப்பொறியின் விசைப்பலகையும் பெயர் பெற்றதே. அதில் 83 விசைகள் இருந்தன. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சிறு சுருள்வில். அழுத்தும்போது வில் சற்று நேரம் எதிர்த்து நிற்கும். பிறகு சட்டென்று மடங்கிக் கொடுக்கும். அப்போது ‘டிக்’ என்று ஓர் ஒலி எழும். எழுத்து பதிந்தது என்பதைக் கண் பார்க்குமுன் விரல் அறிந்துகொள்ளும். காதும் அதற்குச் சாட்சி சொல்லும். சில விசைகள் இடம் மாறியிருக்கின்றன என்று அதிலும் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் தொடுவுணர்வைப் பற்றிக் குறை சொன்னவர்கள் மிகக் குறைவு.

அந்நாளில் அமெரிக்காவில் கணிப்பொறி மோகம் உச்சத்தில் இருந்தது. ஆண்டுதோறும் ஒரு மனிதரைத் தேர்ந்து அட்டையில் போடும் ‘டைம்’ இதழ், 1982-ஆம் ஆண்டுக்கு மனிதரை விட்டுவிட்டுக் கணிப்பொறியைத் தேர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ‘காமடோர் 64’ போன்ற மலிவான பொறிகள் வீடுகளில் புகுந்துகொண்டிருந்தன. அலுவலகத்தைப் பிடித்த ஐ.பி.எம்., வீட்டையும் பிடிக்க எண்ணியது. அது என்ன கொண்டுவரப்போகிறது என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் ஊகம் எழுதின. ‘வேர்க்கடலை’ என்று ஒரு செல்லப் பெயரும் முன்கூட்டியே வழங்கியது.

1983 நவம்பர் 1-ஆம் நாள் பி.சி. ஜூனியர் அறிவிக்கப்பட்டது. 1984-இன் தொடக்க மாதங்களில் கடைகளுக்கு வந்தது. எளிய வகையின் விலை 669 டாலர். வட்டு இயக்கியும் கூடுதல் நினைவகமும் கொண்டதன் விலை 1,269 டாலர். வண்ணப் படத்திலும் இசையிலும் அது தன் அண்ணனாகிய பெர்சனல் கம்ப்யூட்டரையே மிஞ்சியது. ஆனால் பெட்டியைத் திறந்தவர்களின் கண்ணில் முதலில் பட்டது விசைப்பலகைதான். அதை மடியில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்தபடி கணிப்பொறியை இயக்கலாம். இடையில் கம்பியே இல்லை!

இதற்கான கருத்து தொலைக்காட்சியிடமிருந்து வந்தது. எட்ட இருந்து கட்டளையிடும் வித்தை அங்கே ஏற்கனவே பழகிய ஒன்று. 1955-இல் ஜெனித் நிறுவனம் துப்பாக்கி வடிவில் ஒரு கைவிளக்கைச் செய்தது. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரும் மின்கலங்கள் இருந்தன. வேண்டிய மூலையில் ஒளியைப் பாய்ச்சினால் வேண்டிய வேலை நடக்கும். வேடிக்கை என்னவென்றால், சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் நடக்கும்! ஆகவே அடுத்த ஆண்டே ஒளியை விட்டு, காதுக்கு எட்டாத மீயொலிக்குத் தாவினார்கள். பின்னர் எல்லோரும் வந்து சேர்ந்த இடம் அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாதது, சுவரைத் தாண்டாதது, மலிவானது. ஐ.பி.எம். எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் நிறைந்திருக்கிறதே, அது குழப்பாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வெயில் நிலையான ஒளி. விசைப்பலகையின் ஒளியோ நொடிக்கு 40,000 முறை துடிக்கும். பொறியின் முகப்பில் உள்ள ஏற்பி அந்தத் துடிப்புள்ள ஒளியை மட்டும் பிரித்தெடுக்கும். விசைப்பலகைக்குள் நான்கு சிறு மின்கலங்களும் ஒரு நுண்செயலியும் இருந்தன. யாரும் தட்டாதபோது நுண்செயலி உறங்கும், மின்கலம் வீணாகாது. விசையை அழுத்தினால் விழித்தெழுந்து, அந்த விசைக்குரிய எண்ணை 1, 0 ஆகிய குறிகளாக மாற்றி அனுப்பும். ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், ஒரு குறிக்கு ஆகும் நேரம் 440 கூறு. தொடக்கக் குறி ஒன்று, விசை எண்ணுக்கு எட்டு, பிழை சரிபார்க்க ஒன்று. ஆக நொடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். சுமார் 20 அடி தூரம்வரை இது வேலை செய்தது.

அழகான ஏற்பாடு. ஆனாலும் அதில் மூன்று ஓட்டைகள் இருந்தன.

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது நீங்கள் பள்ளியில் படித்த பாடம். விசைப்பலகை சற்றுத் திரும்பிவிட்டாலோ, இடையில் ஒரு புத்தகம் நின்றாலோ எழுத்து விழாது. இது முதல் ஓட்டை. இரண்டாவது, எல்லா விசைப்பலகைகளும் ஒரே குரலில் பேசின. ‘நான் இன்னார், இந்தப் பொறிக்கு மட்டும் சொல்கிறேன்’ என்று அடையாளம் கூறும் வசதி அந்தச் செய்தியில் இல்லை. ஒரு வகுப்பறையில் பத்துப் பொறிகளை வரிசையாக வைத்தால் என்ன ஆகும்? ஒரு மாணவன் தட்டியது அடுத்தவன் திரையில் தோன்றும்! இதற்கு ஐ.பி.எம். வைத்திருந்த மருந்து என்ன தெரியுமா? தனி விலைக்கு ஒரு கம்பி! அதைப் பொருத்தினால் ஒளி நின்றுவிடும், மின்கலமும் தேவையில்லை.

மூன்றாவதுதான் நுட்பமானது. தட்டுபவரை மிகவும் எரிச்சலூட்டியிருக்கக்கூடியதும் அதுவே. அந்தப் பேச்சு ஒருவழிப் பேச்சு. விசைப்பலகை சொல்லும், பொறி பதில் சொல்லாது. செய்தி சேர்ந்ததா இல்லையா என்று விசைப்பலகைக்குத் தெரிய வழியில்லை. அது சேராமல் போவதற்கும் ஒரு காரணம் இருந்தது. பெர்சனல் கம்ப்யூட்டரில், வட்டிலிருந்து தகவலை நினைவகத்துக்கு மாற்றும் வேலையைக் கவனிக்கத் தனி மின்சுற்று ஒன்று உண்டு. ஜூனியரில் செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டார்கள். ஆகவே மூளையாகிய நுண்செயலியே வட்டின் முன் நின்று ஒவ்வோர் எண்ணாக வாங்கி வைக்க வேண்டும். ஒளியில் வரும் குறிகளை எண்ணிக் கோப்பதும் அதே நுண்செயலியின் வேலை. ஓர் ஆள், இரண்டு வாசல்! வட்டு சுழலும் நேரத்தில் நீங்கள் தட்டிய எழுத்துகள் கேட்பாரற்றுக் காற்றில் போயின.

இவ்வளவு இருந்தும் மக்கள் பெரிதாகக் குறை சொன்னது ஒளியைப் பற்றியன்று. விசைகளைப் பற்றி.

ஜூனியரின் விசைகள் 62. அவை தட்டச்சுப் பொறியின் விசைகளைப் போல் அகன்று குழிந்தவை அல்ல. கால்குலேட்டர் பொத்தான்களைப் போன்ற சிறு சதுரங்கள். ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி. எழுத்துகள் விசையின்மேல் இல்லை. விசைக்கு மேற்புறம் பலகையில் அச்சிடப்பட்டிருந்தன. இதற்கும் ஒரு காரணம் உண்டு. துளைகள் வெட்டிய அட்டை ஒன்றை விசைகளின்மேல் கவிழ்த்தால், அந்தந்த விளையாட்டுக்கும் பாடத்துக்கும் ஏற்ற குறிகள் விசைகளைச் சுற்றித் தெரியும். சிறுவர்களுக்கு ஏற்ற, புத்திசாலித்தனமான யோசனைதான்.

ஆனால் வீட்டில் சிறுவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? பகலில் அலுவலகத்தில் பெர்சனல் கம்ப்யூட்டரில் தட்டிய தந்தை, மீதி வேலையை வீட்டில் முடிக்கலாம் என்று இதை வாங்கினார். தட்டச்சு கற்றவர் விசையைப் பார்ப்பதில்லை. எட்டு விரல்களையும் நடு வரிசையில் ஊன்றிக்கொண்டு, அங்கிருந்து மேலும் கீழும் எட்டிவிட்டுத் திரும்பி வருவார். விசையின் குழிவும் விளிம்பும்தான் ‘நீ வீட்டுக்கு வந்துவிட்டாய்’ என்று விரலுக்குச் சொல்பவை. இந்தத் தட்டையான சதுரங்களில் அந்த அடையாளம் இல்லை. விரல் சற்றே தவறினால் இடைவெளியில் விழும். பத்திரிகைகள் அந்த விசைகளுக்குச் ‘சிக்லெட்’ என்று பெயர் வைத்தன. சிக்லெட் என்பது சிறு சதுரத் துண்டுகளாக விற்கப்படும் சவைப்பு மிட்டாய். பெயர் ஒட்டிக்கொண்டது, மிட்டாயைப் போலவே, எளிதில் போகவில்லை. ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள பொறி, ஒரு பெயரினால் விளையாட்டுச் சாமானாகிவிட்டது.

ஐ.பி.எம். கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1984 ஜூலை 31-ஆம் நாள் புதிய விசைப்பலகையை அறிவித்தது. அதே 62 விசைகள். அதே அகச்சிவப்பு ஒளி. ஆனால் விசைகள் அகன்றன. எழுத்துகள் அவற்றின்மேல் ஏறின. ஏற்கனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவே மாற்றித் தந்தது. விலையும் குறைந்தது, நினைவகத்தைப் பெருக்கிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. பெரிய நிறுவனம் ஒன்று இத்தனை விரைவில் இறங்கி வருவது அரிது. ஆனால் சந்தையின் கருத்து அதற்குள் உறைந்துவிட்டிருந்தது. 1984 கிறிஸ்துமஸ் பருவத்தில் பெருந்தள்ளுபடியில் ஓரளவு விற்றது. 1985 மார்ச்சு 19-ஆம் நாள் உற்பத்தியை நிறுத்துவதாக ஐ.பி.எம். அறிவித்துவிட்டது.

விசைப்பலகை ஒன்றுதான் ஜூனியரைக் கவிழ்த்தது என்று சொல்வது நியாயமாகாது. சில நூறு டாலருக்குப் போட்டிப் பொறிகள் கிடைத்தபோது அதன் விலை மிக அதிகம். அண்ணனுக்கு எழுதிய நிரல்கள் பல தம்பியிடம் ஓடவில்லை. என்றாலும் நினைவகக் குறைவு பயன்படுத்தியபின் தெரிவது; விசை, கடையில் விரலை வைத்தவுடன் தெரிவது. இதற்கு ஒரு சான்றும் உண்டு. ஜூனியரின் வண்ணத்தையும் இசையையும் பின்பற்றி ‘டான்டி 1000’ என்ற பொறி 1984-இன் இறுதியில் வந்தது. ஜூனியர் மறைந்த பின்னும் அந்த வரிசை பல ஆண்டுகள் விற்றது. அதன் விசைப்பலகையில் முழு அளவு விசைகள் இருந்தன. கம்பியும் இருந்தது!

கம்பியற்ற விசைப்பலகை நிலைத்து நின்றது ஒளியை விட்டு வானொலி அலைக்கு மாறிய பிறகுதான். வானொலி அலைக்குப் புத்தகமும் முழங்கையும் தடையல்ல. சுவீடனின் எரிக்சன் நிறுவனம் 1994-இல் தொடங்கிய ஆய்விலிருந்து ‘புளூடூத்’ முறை பிறந்தது. 1998-இல் அதை வளர்க்கக் கூடிய ஐந்து நிறுவனங்களுள் ஐ.பி.எம்.மும் ஒன்று என்பது சுவையான செய்தி. நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வுகள் கொண்ட அலையில் அது இயங்குகிறது. முதலில் வகுத்த முறைப்படி, 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை இடம் மாறித் தாவும். எந்த வரிசையில் தாவுவது என்பது இணைந்த இரண்டு கருவிகளுக்கும் தெரியும். பேச்சும் இருவழிப் பேச்சு. சேராத செய்தி மீண்டும் அனுப்பப்படும். ஒரே அறையில் பத்து விசைப்பலகைகள் இருந்தாலும் ஒன்றின் எழுத்து மற்றதன் திரைக்குப் போவதில்லை.

சுவரைத் தாண்டும் அலைக்கு வேறொரு தொல்லை உண்டு. புளூடூத் அல்லாத தனி முறைகளில் இயங்கும் மலிவான விசைப்பலகைகள் சில, தட்டும் எழுத்துகளை மறைக்குறியாக்காமல் அப்படியே ஒலிபரப்புகின்றன என்று 2016-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 250 அடிக்கு அப்பால் ஒளிந்திருப்பவரும், அடுத்த வீட்டுக்காரர் தட்டும் கடவுச்சொல்லைப் படித்துவிடலாம்! ஜூனியரின் ஒளி, சன்னலை மூடினால் அறைக்குள்ளேயே நின்றது.

‘சிக்லெட்’ என்ற பெயர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 2000-க்குப் பிறகு மடிக்கணினிகள் மெலிந்தபோது, தட்டையான, தனித்தனியாக நிற்கும் சதுர விசைகள் மீண்டும் வந்தன. சோனியும் ஆப்பிளும் அவற்றை விலையுயர்ந்த பொறிகளில் வைத்தன. அவற்றுக்கும் அதே மிட்டாய்ப் பெயர்தான் வழங்குகிறது. இம்முறை யாரும் கேலியாகச் சொல்லவில்லை. வேறுபாடு விசையின் அளவிலும் அடியிலும் இருக்கிறது. சதுரம் விரல் நுனியை நிரப்பும் அளவுக்கு அகலமானது. இடைவெளி ஒரு கோடு போல மெல்லியது. அடியில் கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்ட இரண்டு சிறு பிளாஸ்டிக் சட்டங்கள், விசையின் எந்த மூலையில் அழுத்தினாலும் அது சாயாமல் நேராக இறங்கச் செய்கின்றன. உங்கள் வீட்டு மடிக்கணினியில் ஒரு விசையின் ஓரத்தை மட்டும் மெல்ல அழுத்திப் பாருங்கள்.