வடசென்னை: வட்டார வரலாற்று அருங்காட்சியகமும் மக்கள் நிகழ்ச்சிகளும்

வட்டார வரலாற்று அருங்காட்சியகம் என்பது ஓர் ஊரின் பொருள்களையும் ஆவணங்களையும் நினைவுகளையும் அந்த ஊராருக்காகவே காத்துவைக்கும் அமைப்பு. மரபு நடை, மாணவர் பட்டறை, முதியோரின் வாய்மொழிப் பதிவு, தெருவோரக் கண்காட்சி ஆகியவை அதன் மக்கள் நிகழ்ச்சிகள். முதலில் கட்டடம், பிறகு சேகரிப்பு, கடைசியில் நிகழ்ச்சி என்பதே வழக்கம். ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதிக்கு அந்த வரிசை பொருந்தாது. இங்கே நிகழ்ச்சியிலிருந்துதான் அருங்காட்சியகம் பிறக்க வேண்டும்.

இப்பகுதி வரலாற்றின் தன்மையே அப்படி. நகரில் ஏற்கெனவே உள்ள எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. கோட்டை அருங்காட்சியகம் 1948இல் வந்தது. முன்னதின் பெருமை சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும். பின்னதில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆயுதங்கள், நாணயங்கள், ஓவியங்கள். உழைப்பின் வரலாறு இப்படிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்காது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வரமாட்டா; தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை. அதனால் அலை மோதும்போது வளைந்துகொடுத்தன. அந்தப் படகுக்கு ஒரு மாதிரி செய்து காட்சிக்கு வைத்துவிடலாம். எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏறுவது என்ற அறிவை எப்படி வைப்பது? அது படகோட்டிகளிடம் இருந்தது, அவர்களோடு போயிற்று. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் இன்னும் இருக்கிறது. அங்கே மூட்டை சுமந்தவர்களைப் பற்றி அந்தத் தூண்கள் ஒன்றும் சொல்வதில்லை.

மக்களை முன்வைத்த முயற்சிகளுக்கு முன்னோடிகள் உண்டு. வாஷிங்டன் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த அனகோஸ்டியாவில், 1967இல் ஒரு பழைய திரையரங்கில் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஒரு வட்டார அருங்காட்சியகத்தைத் திறந்தது. 1969இல் அது நடத்திய கண்காட்சியின் பொருள் எலி. அப்பகுதி மக்களை வாட்டிய தொல்லை அதுதான். கேப் டவுனில் நிறவெறி அரசு வெளியேற்றிய ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ மக்களின் அருங்காட்சியகம் 1994இல் ஒரு தேவாலயக் கட்டடத்தில் தொடங்கியது. தரையில் விரித்த பெரிய வரைபடத்தில் தாங்கள் வாழ்ந்த இடங்களைக் குறித்தவர்கள் அந்த மக்களே. சென்னையிலும் 2004 முதல் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் சென்னை தினக் கொண்டாட்டம் நடைகள், உரைகள், புகைப்படக் கண்காட்சிகள் வழியாகக் கட்டடம் இல்லாமலே அருங்காட்சியகப் பணியைச் செய்துவருகிறது. ஆனால் அதன் கணக்கு 1639இல் அந்தக் கம்பெனி பெற்ற நிலக்கொடையில் தொடங்குகிறது. திருவொற்றியூர்க் கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டுகளே உள்ளன. வடசென்னைக்கென நிகழ்ச்சி வகுப்பவர்கள் அந்தத் தொடக்கப் புள்ளியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மூச்சுவிடவே காற்றுச் சரியில்லாத ஊரில் வரலாற்று விழா எதற்கு? 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாத இறுதியில் அமோனியா கசிந்து ஊரே இரவோடிரவாக வெளியேறியது. கேள்வி நியாயமானது. ஆனால் முகத்துவாரத்தின் பரப்பு சுருங்கியது என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் வாதாடியபோது, 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடமே அவர்கள் கையில் இருந்த சான்று. எந்தப் பருவத்தில் எந்த மடுவில் இறால் கிடைத்தது, எப்போது நின்றது என்பதை முறையாகக் கேட்டுப் பதிவுசெய்தால் அதுவும் சான்றாகும். பழைய வரைபடத்தைப் பாதுகாப்பதும் இந்த ஊரில் உரிமையைப் பாதுகாக்கும் வேலைதான். அனகோஸ்டியாவின் எலிக் கண்காட்சிக்கும் இதே நியாயம்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாம் கலைந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. இது முக்கால்வாசி உண்மை. எழுதிவைக்காத நடை வெறும் நடைதான். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒலிப்பதிவாகவோ படமாகவோ பட்டியலாகவோ எதையாவது விட்டுச்செல்ல வேண்டும். அதன் ஒரு படி ஊர் நூலகத்திலும், இன்னொரு படி தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகத்திலும் சேர வேண்டும். கட்டடம் பிறகு வரட்டும். அதில் எதை வைப்பது என்று அப்போது யாரும் தேட வேண்டியிராது.

காலம்தான் குறைவு. வடசென்னையின் பின்னி நெசவாலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் மின்னுற்பத்தியைத் தொடங்கி 2017இல் நிறுத்தப்பட்டது. அதன் முதல் உலை எரிந்தபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எழுபத்தைந்தை எட்டிவிட்டார்கள்.